இன்ஜின் ஆறும் வளைவு

பதினேழாவது சுற்றில் நின்று, ஜீப்பின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மெல்ல மடக்கிப் பார்க்கிறார் சுயம்புலிங்கம். முழங்கால் பாதி வழியில் முரண்டு பிடிக்கிறது. காலை இறக்கிவிட்டு மறுபடியும் நடக்கத் தொடங்குகிறார். முன்விளக்கு, பம்பர், ஸ்டெப்னி, சைலன்சர், மறுபடியும் முன்விளக்கு.

கம்பத்தில் மெட்டுச் சாலை பிரியும் இடம். ஆடி மாதக் காற்று. விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பன்னிரண்டு பெண்கள், தூக்குவாளியும் மாற்றுத்துணி மூட்டையுமாக ஜீப்புக்குள் ஏறி நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டுநர் மட்டும் இன்னும் ஏறவில்லை.

"பதினெட்டு" என்கிறார் முன்சீட்டில் இருக்கும் அய்யம்மாள். "ஏலே லிங்கம், கோயிலச் சுத்தியிருந்தா இந்நேரம் சாமி எந்திரிச்சு வந்திருக்கும்."

"வண்டிதான் சாமி, சின்னாத்தா. சுத்தாம ஏறுனா கோவிச்சுக்கிரும்."

"இருபத்தஞ்சுல முடிஞ்சிரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அது முனீஸ்வரி. "முப்பது" என்று இன்னொருத்தி. தோற்றவர் வடை வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். சுயம்புலிங்கம் காதில் விழாதது போல நடக்கிறார். நல்ல நாளில் பத்துச் சுற்றில் முழங்கால் இளகிவிடும். கெட்ட நாளில் நாற்பது ஆகும். எண்ணிக்கையை வைத்தே அன்றைக்குப் பயணம் எப்படி இருக்கும் என்று பெண்கள் சொல்லிவிடுவார்கள். அன்று இருபத்தொன்பதில் ஏறினார். வடைப் பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று அடிவாரம் வரைக்கும் சண்டை.

அவருக்கு முப்பத்தொன்பது வயது. பதினாறு வருடமாக மலையேறி இறங்குகிறார். ஒல்லியான ஆள்; சட்டைக்குள் காற்று புகுந்தால் ஆளைவிடச் சட்டை பெரிதாகத் தெரியும். பெல்ட்டில் கடையில் போட்ட துளைகள் போக, ஆணியால் போட்ட மூன்று துளைகள் உண்டு. உடம்புக்கு ஆகாத மாதங்களில் பக்கிள் மூன்றாவது ஆணித் துளைக்குப் போகும். தேறினால் ஒரு துளை வெளியே வரும். எடை பார்க்கும் மெஷின் எதற்கு என்று கேட்பார்.

தன் உடம்பில் வலிக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் வண்டியில் ஒரு காரணம் வைத்திருந்தார். இடது முழங்கால் வீங்கினால் கிளட்ச். வலது கணுக்கால் வீங்கினால் பிரேக். மணிக்கட்டு பிடித்துக்கொண்டால் கியர் ராடு. வயிறு கலங்கி ஒரு நாளில் ஏழெட்டு முறை ஓடவைத்து, சில நாள் ரத்தமும் போனால் அது சீட்டுச் சூடு. "இன்ஜின் பக்கத்துல உக்காந்து பொழைக்கிறவனுக்கு மூலம் வராம, ஏசி ரூம்ல இருக்கிறவனுக்கா வரும்?" அதற்காக இருக்கையில் தேங்காய் நார் மெத்தை ஒன்று போட்டிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் கருணைக்கிழங்கு. முழங்காலுக்கு மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரை. இவர்களைப் பற்றி எழுதுவதற்காக அவ்வப்போது கூடப் போய்வந்த என்னிடம் சொன்னார்: "ரெண்டு மாத்திரை போட்டா முட்டி சொன்னபடி கேக்கும் சார். ஆனா அடுத்த ரெண்டு நாளைக்கு வயிறு கேக்காது. மாத்திரை அம்புட்டுச் சூடு."

முட்டிக்கு ஒரு டாக்டரிடம் போனார். வயிற்றுக்கு ஒரு நாட்டு வைத்தியரிடம் போனார். முட்டி டாக்டரிடம் வயிற்றைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, நான் ஏதோ அறியாப் பிள்ளை என்பது போலப் பார்த்தார். "கிளட்ச் பிளேட் மாத்துற மெக்கானிக்கிட்டப் போயி ஹாரன் சரியா அடிக்கலைன்னு சொல்லுவமா?"

தொற்றுக் காலத்தில் எல்லையை மூடினார்கள். மாதக்கணக்கில் ஜீப் வீட்டு வாசலிலேயே நின்றது. அப்போதும் முழங்கால் வீங்கியது. மிதிக்காத கிளட்ச் எப்படிக் காலைக் கெடுத்தது என்று மனைவி சண்முகத்தாய் கேட்டிருக்கிறார். "ஓட்டாமக் கெடந்தா எந்த வண்டிதான் நல்லாருக்கும்?" என்று அதற்கும் பதில் இருந்தது அவரிடம்.

கம்பம் மெட்டுச் சாலையை மற்ற ஓட்டுநர்கள் கொண்டை ஊசி வளைவுகளால் அறிவார்கள். இவர் கதவுகளால் அறிவார். அவருடைய சாவிக்கொத்தில் ஜீப் சாவியோடு இன்னும் மூன்று சாவிகள் தொங்கும். மலையாளம் கலந்து, எல்லாவற்றையும் 'தாக்கோல்' என்றுதான் சொல்வார். முதல் தாக்கோல், அடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் ஊழியர்களின் கழிப்பறைக்கு உரியது. இரண்டாவது, மலை உச்சியில் சோதனைச் சாவடிக்குப் பக்கத்து டீக்கடையின் பின்புறத்துக்கு. அங்கே மற்ற ஓட்டுநர்கள் நிற்பார்கள், கேலி பேசுவார்கள். அதனால் உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும். மூன்றாவது, சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மிளகுக்கொடி ஏறிய பலாமரங்கள் நிற்கும் ஒரு வளைவில், அம்மச்சி என்று எல்லோரும் கூப்பிடும் மலையாளத்துக் கிழவியின் வீட்டு வெளிக் கழிப்பறைக்கு. இந்தத் தாக்கோலுக்குக் கைமாறாகச் சனிக்கிழமைதோறும் ஒரு கிலோ பன்னீர் திராட்சை கீழேயிருந்து போகும்.

பங்குக்கும் உச்சிக்கும் நடுவில் இருப்பது காடு. அங்கே கதவே கிடையாது. அந்த அரை மணி நேரம் சுயம்புலிங்கம் யாரோடும் பேச மாட்டார். கேட்டால் தலையசைப்பார். இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும். காலையில் அவர் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார். இறங்கி வந்த பிறகுதான் கஞ்சி.

பாதி மலைக்கு மேல் பனிமூட்டம் ஜீப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜீப் ஏறுகிறதா, இருந்த இடத்திலேயே குலுங்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரிவதில்லை. ஒரு வளைவில் பனி விலகினால் கீழே பள்ளத்தாக்கு முழுக்க விளக்குகள் தெரிகின்றன. எது ஊர், எது திராட்சைத் தோட்டத்துக் காவல் விளக்கு, எது முல்லையாற்றுத் தண்ணீரில் மினுங்குவது என்று பிரிப்பதற்குள் பனி மூடிக்கொள்கிறது. பெண்கள் உறங்குகிறார்கள். பன்னிரண்டு தலைகளும் ஒரு பக்கம் சாய்ந்து, வளைவு திரும்பியதும் சேர்ந்தே மறுபக்கம் சாய்கின்றன. ஒருத்தி தூக்கத்தில் கேட்கிறாள்: "அடுப்ப அணைச்சேனா?" எதிர்ப்பக்கத்தில் இன்னொருத்தி கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள்: "அணைச்ச, அணைச்ச."

"பனிக்குள்ள போகையில காலு என்னுதில்லாத மாதிரி இருக்கும் சார்" என்று இறங்கும் வழியில் ஒருநாள் சொன்னார். "வேற யாரோ கிளட்ச மிதிக்கிறாக. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு வாரேன்." அவருக்கு வருடக்கணக்காக ஒரே கனவு வரும். மலைச்சாலை. ஒவ்வொரு வளைவிலும் நீலச் சாயம் அடித்த ஒரு கதவு. இறங்கிப் போய்த் திறக்கப் பார்ப்பார். கையில் இருக்கும் கொத்தில் நூறு சாவிகள். ஒன்றும் சேராது. அடுத்த வளைவுக்கு ஓடுவார். "முழிச்சுப் பாத்தா நெசமாவே ஓடணும்" என்று முடித்துவிட்டு அவரே சிரித்தார்.

அம்மச்சி வீட்டு வளைவு வந்ததும் ஜீப் ஓரங்கட்டும். "இன்ஜின் சூடாயிருச்சு" என்பார். மூச்சு விட்டால் புகை வருகிற குளிரில் இதைச் சொல்வார். இறங்கி, பானெட்டைத் தூக்கி நிறுத்தி, நிறைந்திருக்கும் ரேடியேட்டரில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றுவார். அது வழிந்து சாலையில் ஓடும். அதற்குள் அவர், இடது காலை இழுத்துக்கொண்டு, பலாமரங்களுக்குள் மறைந்திருப்பார். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் திரும்புவார். திரும்பியதும் நேராக வந்து சீட்டில் ஏறிவிட மாட்டார். பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஓர் ஐந்து நிமிடம் எதையாவது தொட்டுப் பார்ப்பார். வெட்கம் ஆறுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் பெண்களில் சிலர் இரண்டிரண்டு பேராக இறங்குவார்கள். கால் மரத்துப்போச்சு என்பாள் ஒருத்தி. தண்ணி குடிச்சுட்டு வாரேன் என்பாள் இன்னொருத்தி. பானெட்டுக்குள் இருக்கும் தலை அவர்கள் போகும் திசையைப் பார்க்காது.

முனீஸ்வரிக்கு இருபத்தாறு வயது. பண்ணைப்புரத்திலிருந்து கம்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர். இந்த ஜீப்பில் சேர்ந்த முதல் வாரம், விவரம் தெரியாமல் கேட்டிருக்கிறார்: "அண்ணே, நமக்கெல்லாம் வெறவெறன்னு குளிருது. இன்ஜின் மட்டும் எப்பிடிண்ணே சூடாகுது?" அய்யம்மாள் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். அதற்குப் பிறகு முனீஸ்வரியும் மற்றவர்களைப் போல, "இன்ஜின் ஆறிருச்சாண்ணே?" என்று அக்கறையாகக் கேட்கப் பழகிக்கொண்டார்.

"முன்ன வேற ஜீப்புல போனேன்" என்று ஏலச்செடிகளுக்கு நடுவில் குத்தவைத்துக் காய் பறித்துக்கொண்டே முனீஸ்வரி என்னிடம் சொன்னார். "அப்பல்லாம் காலையில பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். குடிச்சா வழியில எங்கன எறங்குறது? டிரைவர்கிட்ட எப்பிடிக் கேக்குறது? மத்தியானம் தலை சுத்தும். மாசத்துல ரெண்டு தடவை நீர்க்கடுப்பு வரும். இந்த ஜீப்புலதான் காப்பி குடிச்சிட்டு ஏறுறேன். லிங்கண்ணன் அவசரத்துல பூட்ட மறந்துட்டு வந்துருவாரு. நாங்க போயிட்டு வந்துருவோம்."

அவரிடம் சொன்னதுண்டா?

"அண்ணங்கிட்ட எப்பிடிச் சொல்ல? அவரு இன்ஜினத்தான பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

பூட்டாத கதவுக்காக ஏச்சு வாங்குவது சுயம்புலிங்கம்தான். "எடா லிங்கமே, ஒரு திவசமெங்கிலும் பூட்டிட்டுப் போயிக்கூடே?" என்று திராட்சைப் பையை வாங்கும்போதெல்லாம் அம்மச்சி கேட்பார். ஒரு நாளாவது பூட்டிவிட்டுப் போகக்கூடாதா என்று. "மறந்துருச்சு அம்மச்சி" என்று தலையைச் சொறிவார்.

தோட்டத்து கேட்டை ஏழரைக்கு மூடுவார்கள். வயிறு சரியில்லாத வாரங்களில் பங்கிலும் உச்சியிலும் வளைவிலுமாக மூன்று முறை நிற்க வேண்டியிருக்கும். போய்ச் சேரும்போது எட்டாகிவிடும்; கெஞ்சித்தான் கேட்டைத் திறக்கவைக்க வேண்டும். பிந்திய நேரத்தைப் பெண்கள் பத்து மணி டீயை விட்டுக்கொடுத்துச் சரிக்கட்டி வந்தார்கள். அதுவும் அவருக்குத் தெரியாது. ஆவணி மாதம் சூப்பர்வைசர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு நாள் தாமதமானால் வேறு ஜீப் ஏற்பாடு செய்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

"இந்தச் சவாரி போனா இன்னொண்ணு கெடைக்கும்னு வச்சுக்கங்க" என்றார் சுயம்புலிங்கம் அன்றைக்கு. "ஆனா லிங்கத்துக்கு முடியல, காலு வரலைன்னு ஒரு பேரு வந்துருச்சுன்னா, மலை ரோட்டுக்கு எவனும் கூப்பிட மாட்டான். ஸ்டியரிங்க விட்டு எறங்குனா நான் யாரு சார்?"

அதனால் சுற்றுகளைக் குறைக்கப் பார்த்தார். இரண்டு மாத்திரை நாலானது. அதிகாலையில் இரண்டு, இறங்கி வந்ததும் இரண்டு. முதல் வாரம் ஆறே சுற்றில் ஏறினார். பெண்கள் கைதட்டினார்கள். இரண்டாவது வாரம் பெல்ட் மூன்றாவது ஆணித் துளைக்குப் போனது. புரட்டாசியில் ஒரு மாலை, பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கும் வழியில், இடது கால் கிளட்ச்சின் மேல் வெறுமனே கிடந்தது. மிதிக்கச் சொன்னால் மிதிக்கவில்லை. கைப்பிரேக்கைப் போட்டு, வண்டியை மலைப்பக்கமாக அணைத்து நிறுத்தி, இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். உடம்பு கொதித்தது. வேறொரு ஜீப்பை மறித்து அய்யம்மாள் அவரைத் தேனிக்குக் கொண்டுபோனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர். முழங்காலிலிருந்து ஊசியால் நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கண்ணின் கீழிமையை இழுத்து, வெளுத்திருப்பதைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வயித்துல ஏதாவது தொந்தரவு இருக்கா? அடிக்கடி வெளிய போகுதா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றார் சுயம்புலிங்கம். "டிரைவருக்கு இருக்கிற மூலம்தான். வேற ஒண்ணுமில்ல. கிளட்ச் கொஞ்சம் டைட்டு. அதான் முட்டி."

கட்டிலின் ஒரு பக்கம் சண்முகத்தாய் நின்றிருந்தார். மறுபக்கம், தூக்குவாளியைக்கூடக் கீழே வைக்காமல், அய்யம்மாள்.

"பொய்யி" என்றார் அய்யம்மாள். "தாயி, நான் சொல்றேன், எழுதிக்கிருங்க. இவன் தெனமும் மேல ஒரு வளைவுல வண்டிய நிப்பாட்டிட்டு வெளிக்குப் போவான். ஒருக்க நிப்பாட்டுற வாரம் காலு லேசா இருக்கும். மூணு எடத்துல நிப்பாட்டுற வாரம் முட்டி பூசணிக்கா மாதிரி ஆயிரும். ஆறு வருசமா பக்கத்துல உக்காந்து பாக்குறேன். வயிறுதான் முன்ன கெடும். நாலு நாள் கழிச்சு முட்டி. முட்டி முன்ன வந்து நான் பாத்ததே இல்ல."

"சின்னாத்தா, அது இன்ஜின்..."

"இன்ஜினுக்கு ஒண்ணுமில்ல லிங்கம். உன் மெக்கானிக் தங்கப்பாண்டிகிட்டப் போன வருசமே கேட்டுட்டோம்."

சுயம்புலிங்கம் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. "கண்ணு எப்பவாவது சிவந்து வலிக்குமா? வாயில புண்ணு வருமா?" இரண்டுக்கும் சண்முகத்தாய் ஆமாம் என்றார். மறுநாள் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதற்கடுத்த நாள் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, இது மூலம் இல்ல. குடலோட உள்பக்கச் சுவரு புண்ணாகி வீங்கியிருக்கு. உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பா திரும்பிச் செய்யிற வேலை. அதே கோளாறுதான் முட்டியிலயும், கணுக்கால்லயும், கண்ணுலயும். ரெண்டு நோய் இல்ல, ஒண்ணுதான். அந்தம்மா சொன்னது சரி. நீங்க போட்ட வலி மாத்திரை குடலை இன்னும் கிளறி விட்டிருக்கும். இனிமே என்னைக் கேக்காம அதத் தொடக்கூடாது. இதுக்கு வேற மருந்து இருக்கு. மெதுவாத்தான் கேக்கும். நல்லான மாதிரி இருந்தாலும் நிறுத்தக்கூடாது."

சுயம்புலிங்கம் ஒன்றுதான் கேட்டார்: "கிளட்ச் மிதிக்கலாமா?"

"வீக்கம் வத்தட்டும், மூணு மாசம் பொறுங்க. அப்பறம் தாராளமா மிதிங்க. கிளட்ச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

நோயைப் பற்றிச் சொன்னதைவிட இந்தக் கடைசி வாக்கியம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது இரண்டு தடவை சொன்னார்: "சம்பந்தமே இல்லையாம் சார். இத்தன வருசமா வண்டி மேல சும்மா பழியப் போட்டிருக்கேன்." வாசலில் ஜீப் கழுவித் துடைத்து நின்றது. வண்டியைச் சுற்றித் தடம் விழுந்திருந்தது. ஓட்டாவிட்டாலும் காலையில் சுற்றுவதை அவர் விடவில்லை. முட்டி டாக்டரின் பழைய சீட்டுகளையும் வைத்தியர் எழுதிய காகிதங்களையும் ஆஸ்பத்திரி ஃபைலோடு வைத்து, சண்முகத்தாய் ஒரே ஊக்கால் குத்தி ஆணியில் மாட்டியிருந்தார். புது மாத்திரை மஞ்சள் நிறம். ஒன்றுக்குப் போனால் அதுவும் மஞ்சளாகப் போகிறது என்று முதல் நாள் பயந்து போன் பண்ணியிருக்கிறார். அது அப்படித்தான் போகும் என்று டாக்டர் சிரித்தாராம்.

அந்த மூன்று மாதமும் பெண்களை ஏற்றிப் போனது விஜய்பாண்டியின் ஜீப். புது வண்டி. உள்ளே நீல விளக்கு, நாலு ஸ்பீக்கர். விஜய்பாண்டி நன்றாக ஓட்டுவான்; எங்கேயும் நிற்க மாட்டான். கேட் திறப்பதற்கு இருபது நிமிடம் முன்பே போய் நின்றான். சூப்பர்வைசருக்குப் பரம சந்தோஷம். நாலாம் நாளிலிருந்து முனீஸ்வரி காலைக் காப்பியை நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் அய்யம்மாள் சுயம்புலிங்கத்தின் வீட்டுக்கு வந்து, "எப்பலே வருவ?" என்று கேட்டுவிட்டு, காரணம் சொல்லாமல் வாசலிலேயே நின்றார்.

"பாவம், என் மேல அம்புட்டுப் பாசம்" என்றார் சுயம்புலிங்கம் என்னிடம்.

மார்கழி கடைசியில் டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் அவ்வளவு எளிதில் சம்மதிக்கவில்லை. அய்யம்மாள் போய் நின்று பேசிய பிறகு ஒரு வாரம் பார்ப்போம் என்றார். அந்த ஒரு வாரத்தில் ஒரே ஒரு நாள் ஏழரை தாண்டினாலும் விஜய்பாண்டிதான்.

தை மாதத்து முதல் திங்கள். அதே இடம், அதே இருட்டு. பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். அய்யம்மாள் எண்ணத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது சுற்றின் பாதியில், ஓட்டுநர் கதவுக்கு நேராக வந்தவர் கதவைத் திறந்து ஏறிவிட்டார். பந்தயம் கட்ட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. பக்கிள் முதல் ஆணித் துளையில் இருந்தது. தேங்காய் நார் மெத்தையைக் காணோம். வழக்கத்தைவிடக் கால்மணி நேரம் முன்னதாக ஜீப் கிளம்பியது.

பங்கைத் தாண்டினார். காட்டுக்குள் நுழைந்ததும் பேசத் தொடங்கினார். பதினாறு வருடத்துப் பேச்சு. இந்தப் பாறையில் ஒரு தடவை கரடி நின்றது என்றார். இந்த வளைவில்தான் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பாட்டுப் புத்தகத்தைத் தொலைத்தேன் என்றார். பனிக்குள் இருந்து அவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "இந்த ரோட்டுல இம்புட்டு மரம் இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். உச்சி வந்தது. டீக்கடையில் நின்ற ஓட்டுநர்களுக்குக் கையை உயர்த்திவிட்டு, நிற்காமல் கடந்தார்.

பலாமரங்கள் பனிக்குள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மச்சியின் வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது. ஜீப் வளைவில் திரும்பியது, நிற்கவில்லை, தாண்டியது.

"கேட்டு தெறக்குறதுக்கு முன்ன நாம நிப்போம் பாருங்க" என்றார்.

அவர் கண்ணாடியில் பார்த்தார். எப்போதும் தூங்குகிற இடத்தில் அத்தனை பேரும் விழித்திருந்தார்கள்.

"அண்ணே" என்றார் முனீஸ்வரி. "இன்ஜின் சூடாகலையா?"

"இல்லத்தா. இனிமே சூடாகாது." சிரித்தார். அவரோடு சேர்ந்து சிரிக்க ஆளில்லை. அய்யம்மாள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கொஞ்சம் சூடானா நல்லாருக்கும் லிங்கம்."

ஜீப் இன்னும் பத்து அடி ஓடியது. பிறகு வேகம் குறைந்தது. சுயம்புலிங்கம் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியில் பின்னால் இருந்த முகங்களை, ஒன்று விடாமல், வரிசையாகப் பார்த்தார். இடது கால் கிளட்ச்சை அழுத்தியது. ரிவர்ஸ் கியர் விழும் சத்தம் கேட்டது. பனிக்குள் பின்பக்கமாகவே ஊர்ந்து, ஜீப் பழைய இடத்தில் வந்து நின்றது.

இறங்கினார். பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். ரேடியேட்டர் மூடியை வெறும் கையால் திறந்தார். நிறைந்திருந்த தண்ணீரில் பாட்டிலைக் கவிழ்த்தார். அது வழிந்து சாலையில் ஓடியது. சாவிக்கொத்திலிருந்து மூன்றாவது தாக்கோலை நகத்தால் நெம்பிக் கழற்றினார். பிறகு வழக்கம்போல இன்ஜினுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், சாவியை வைத்த கையை மட்டும் பின்னால் நீட்டினார்.